கோட்டுக்கு அந்தப் பக்கம் பாப்பா

தம்பி,

பாப்பாவுக்குப் பேச்சு வந்து விவரமும் தெரிந்த பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, "அப்பா என்னைத் தூக்கினாரா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? சில நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தூக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை மட்டும் அவளிடம் சொன்னால் அது பொய்யைவிட மோசமாக இருக்கும். நீ அவளுக்காகச் செய்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னால், கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். வகுப்பில் பிள்ளைகள் கேட்டு எனக்கு விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லியே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

நீ இப்போது டவுனுக்குப் போயிருக்கிறாய். உன் பெட்டி கயிறு கட்டி ஹாலில் கிடக்கிறது. நாளைக் காலை வண்டியில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பல், பிறகு சரவாக் கரையில் ஏதோ ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையம். பின்னறையில் முனியம்மா பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஏன் எழுத வேண்டும் என்று நீ கேட்கலாம். தாயும் மகனுமாக நானும் நீயும் நேரில் பேசிப் பழகவில்லை. உன் அப்பா இருந்தபோது, "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி" என்று சிரிப்பார். அவர் போன பிறகு வாடகைக்காரர்கள் மட்டும்தான் மிஞ்சினோம். இந்தக் கடிதத்தை வேறு யார் படித்தாலும் எனக்குக் குறையில்லை. பிள்ளையிடம் அன்பை வைத்துக்கொண்டே எட்டி நிற்கிறவர்கள் இந்த ஈப்போவில் நாம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ரூத் உன் மனைவியாக நம் வீட்டுக்கு வந்தபோது எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்தாய். அது சரியல்ல. எனக்கு அவளைக் கண்டு கூச்சமாக இருந்தது. சுங்கை சிப்புட் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள், நாலு அண்ணன்மாருக்கு நடுவில் வளர்ந்தவள், எதையும் யாரையும் தொட்டுத்தான் பேசுவாள். வந்த முதல் வாரமே என் கொண்டையை அவிழ்த்து, "அத்தை, இத இப்படி இறுக்கிக் கட்டுனா தலவலி வராம என்ன செய்யும்?" என்று தானே பின்னிவிட்டாள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து என் தலைமுடியை வேறொருவர் தொட்டதில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

நீ அவளுக்காகச் செய்த வானொலிப் பெட்டி நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். மறந்திருந்தால் நாளைக்குப் போகிற அளவுக்கு வந்திருக்க மாட்டாய். ஒரே ஹெட்போனில் ஒரு காது உனக்கு, ஒரு காது அவளுக்கு. இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்டதெல்லாம் பெரும்பாலும் இரைச்சல்தான். எப்போதாவது ஏதோ கப்பலின் தந்திச் சத்தம் வரும். நீ அதைப் படித்துச் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டு, "கப்பக்காரன் பொண்டாட்டிகிட்ட சொல்றான், நான் வாரேன், மீன் கொழம்பு வையின்னு" என்பாள். நீ இல்லை என்று திருத்துவாய். அவள் திரும்பவும் மீன் குழம்பு என்பாள். அறைக்கு வெளியே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான், சிரிப்பு வந்ததால் மதிப்பெண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறேன்.

குழந்தை நாள் நிறையும் முன்பே வந்துவிட்டது. பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் ரூத்துக்குக் காய்ச்சல் கண்டது, இறங்கவில்லை. நாம் இருவரும் வராந்தாவில் எதிரெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வந்து ரூத் போய்விட்டாள் என்று சொன்னபோது நீ எழுந்து நின்று அவருக்கு நன்றி சொன்னாய். நான் வளர்த்த பிள்ளை அப்படித்தான் சொல்லும். அதன் பிறகு அவர் குழந்தையைப் பற்றிச் சொன்னார். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பால் குடிக்கிறாள், ஆனால் சில நேரம் மூச்சுவிட மறந்துபோகிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அது உண்டு. பக்கத்தில் யாராவது பார்த்துக்கொண்டே இருந்து, நின்றால் உள்ளங்காலைச் சுண்டிவிட வேண்டும். கொஞ்சம் எடை போட்டால் தானாகச் சரியாகிவிடும். அவர் சொன்னதில் நீ பிடித்துக்கொண்டது 'மூச்சு' என்ற ஒரு சொல்லை. 'பக்கத்தில்' என்பதை நீயும் விட்டுவிட்டாய், நானும் விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்றே நீ வானொலிப் பெட்டியைத் திறந்து வால்வுகளைக் கழற்றினாய். துக்கத்தில் உடைக்கிறாய் என்று முனியம்மா பயந்தாள். அவள் அன்றுதான் வந்திருந்தாள். பாப்பாவுக்கும் பால் கொடுக்க ரூத்தின் அண்ணன் ஏற்பாடு செய்து, தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து கைப்பிள்ளையோடு அனுப்பியவள். நீ உடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் துணியில் வரிசையாக வைத்தாய்.

நீ கட்டியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். தவறு இருந்தால் நீ மனதுக்குள் திருத்திக்கொள்வாய். ஒரு கம்பிச் சுருளையும் மின்னைத் தேக்கிவைக்கும் ஒரு கண்டென்சரையும் சேர்த்தால் மின்சாரம் இரண்டுக்கும் இடையே ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். விட்டால் ஓய்ந்துபோகும். ஓயாமல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தள்ளு கொடுப்பது வால்வின் வேலை. அதை நீ ஆசிலேட்டர் என்பாய். அப்படி இரண்டு செய்தாய். ஒன்றை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாய், யாரும் தொந்தரவு செய்யாதபடி. மற்றதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத் தாளை உரித்துப் பலகையில் பரப்பி, அதனோடு இணைத்தாய். இரண்டும் ஆடுகிற வேகம் காதுக்கு எட்டாது. ஆனால் இரண்டின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஹெட்போனில் ஒரு சத்தமாகக் கேட்கும். சென்னையில் எங்கள் பேராசிரியர் ஏறத்தாழ ஒத்த இரண்டு இசைக்கவைகளைத் தட்டி, அவை இரண்டிலும் இல்லாத ஒரு மூன்றாவது துடிப்பைக் கேட்க வைத்தார். அதே விஷயம்தான். அந்த ஈயத் தாளுக்குப் பக்கத்தில் ஓர் உடம்பு இருந்து அது அசைந்தால், வெளியே இருக்கும் ஊஞ்சலின் வேகம் அணுவளவு மாறும். சத்தம் ஏறும், இறங்கும். குழந்தையின் நெஞ்சு அசைவதையே அது பாடிக் காட்டும் என்றாய்.

நான் நம்பவில்லை. ஆனாலும் அட்டைக் குழாயில் மெழுகு தடவி உனக்காகச் சுருள் சுற்றிக் கொடுத்தேன். வால்வுக்கு மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸ் வேண்டும் என்று நீ காகிதத்தில் பென்சில் கோடு கிழித்து, அதை ரப்பரால் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துச் சரிபார்த்தபோது, பென்சில் கொடுத்தது நான். சாமான் தீர்ந்தால் கடைக்குப் போனதும் நான். அக்குமுலேட்டர் பாட்டரியை சார்ஜ் செய்ய ரிக்‌ஷாவில் மடியில் வைத்து எடுத்துப்போய், ஆசிட் சிந்தி என் வெள்ளைச் சேலையில் ஓட்டை விழுந்தது. பாட்டரிக் கடைச் சீனர், நம் ஆட்களிடம் கற்ற தமிழில், "டீச்சர், உங்க பேபி பால் குடிக்குதா, பாட்டரி குடிக்குதா?" என்றார். நான் முறைத்திருக்க வேண்டும். அவர் அவசரமாக, "குடிக்கட்டும்லா, நல்லா குடிக்கட்டும்" என்று சொல்லி, கொண்டுவந்ததைத் துடைத்துக் கொடுத்தார்.

அது வேலை செய்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் முறை நீ ஹெட்போனை என் தலையில் மாட்டியபோது, ஊ என்ற ஒரு நீண்ட சத்தம், அது மெல்ல ஏறி மெல்ல இறங்கியது, ஏறி இறங்கியது. அடுத்த அறையில் ஒரு பிடி அளவு நெஞ்சு விரிந்து சுருங்குவது அது. என் வாழ்நாளில் நான் கேட்ட எந்தச் சங்கீதமும் என்னை அப்படி நிறுத்தியதில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். "சத்தம் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டே போகிறதே, ஏன்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்கு விடை நமக்குப் போகப்போகத் தெரிந்தது. இந்த ஊரில் மத்தியானம் மழை இருட்டினாலே காற்றில் ஈரம் ஏறி சத்தம் நகர்ந்துவிடும். யாராவது நடந்தால் நகரும். ஒருநாள் நீ அலுவலகத்தில் இருந்தபோது நான் உட்கார்ந்து, சத்தத்தைச் சரிசெய்யும் திருகைக் கச்சிதமாகத் திருப்பி வைத்தேன். எழுந்து ஓர் அடி பின்னால் வந்ததும் சத்தம் தொலைந்துபோனது. பதறிப்போய் மறுபடி உட்கார்ந்தேன், திரும்பி வந்தது. எழுந்தேன், போனது. நான் திருப்பி வைத்தது கருவியை மட்டுமல்ல, என் உடம்பையும் சேர்த்து. மாலையில் நீ ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் திருகைக் கட்டிக் கொடுத்தாய், எட்ட நின்றே திருப்பும்படி. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உனக்கும் எனக்கும் எதையும் பாதியில் விடும் பழக்கம் இல்லை.

தூளி ஆடினால் மூச்சு கேட்கவில்லை என்று தூளியை இரண்டு பக்கமும் பெஞ்சுக் காலோடு இழுத்துக் கட்டினாய். ஆள் நெருங்கினால் சத்தம் கெடுகிறது என்று, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாய். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. என் மேசையிலிருந்து சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஏனென்றால் நீ சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அது பௌதிகம். முனியம்மாவுக்குப் பௌதிகம் தெரியாது. அவள் சொன்ன காரணங்களெல்லாம் தவறு. அந்தப் பெட்டி பிள்ளையின் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கிறது என்றாள். பிராந்தியில் நனைத்த துணியை உதட்டில் வைத்தால் போதும் என்றாள். நான் பாட்டிலைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் பிள்ளை அழுது அழுது தானாக ஓய்ந்த ஒரு பிற்பகலில், அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று என்னிடம் சொன்னாள்:

"டீச்சரம்மா, பத்து காஜா ஜெயில்ல என் கொழுந்தன் கெடந்தான். அங்ககூட மாசத்துக்கு ஒரு தடவ கிட்டக்க போயி பாக்க உடுவாங்க. இது என்னா குத்தம் செஞ்சிச்சு?"

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்றேன். அன்று சனிக்கிழமை.

வேறொரு நாள் சத்தம் நின்றுபோன மத்தியானத்தைப் பற்றி உன்னிடம் முழுவதும் சொன்னதில்லை. நீ வேலையில் இருந்தாய். முனியம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்த சத்தம் ஒரே நீளமாக நின்றுவிட்டது. கோட்டைத் தாண்டி ஓடி உள்ளங்காலைச் சுண்டினேன். அவள் வீரிட்டாள். பிழைத்தாள் என்று நீ சொல்கிறாய். கருவி காப்பாற்றியது என்று உன் அலுவலக நண்பர்களிடம்கூடச் சொன்னாய். எனக்குத் தெரியாது. அப்போதுதான் முதல் மழைத் துளிகள் தகரத்தில் விழுந்தன. ஈரத்தால் சத்தம் மாறியிருக்கலாம். உண்மையிலேயே மூச்சு நின்றிருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது: சுண்டுவதற்கு முன் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உதடு நீலமா, நெஞ்சு அசைகிறதா என்று. நான் பார்க்கவில்லை. காதில் கேட்டதை வைத்துக் காலைத் தேடினேன். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள் முகத்தைப் பார்க்க மறந்தேன். மாலையில் உன்னிடம் சொன்னபோது நீயும் அவளைப் பார்க்கப் போகவில்லை. "சத்தம் சட்டுனு நின்னுச்சா, மெல்ல மெல்ல நின்னுச்சா?" என்று என்னைத்தான் கேட்டாய்.

அன்று எனக்கு உன் அப்பா நினைவு வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தும் கட்டும் பார்க்கும் டிரஸ்ஸராக இருந்த அவருக்குக் கொடுத்திருந்த ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர்க் குழாய் வெக்கையில் வெடித்துப்போனது. ரப்பர் பால்மரக் காட்டின் நடுவில் இருந்துகொண்டு ஒரு ரப்பர்க் குழாய்க்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதுவரை அவர் காய்ச்சல்காரர்களின் நெஞ்சில் நேராகக் காதை வைத்தே கேட்டார். வீட்டுக்கு வரும்போது காதில் தேங்காய் எண்ணெயும் விபூதியும் வியர்வையும் அப்பியிருக்கும். முதலில் குளித்துவிட்டு வாருங்கள் என்பேன். "இருக்கட்டும், இதுதான் இன்னைக்கு ரிப்போர்ட்" என்று அப்படியே உன்னைத் தூக்கிக்கொள்வார். புதுக் குழாய் வந்த பிறகும் சில நேரம் காதைத்தான் வைத்தார். அது சுத்தமில்லாத வழக்கம் என்று நான் கண்டித்தேன். இப்போதும் அது சுத்தமில்லாத வழக்கம் என்றுதான் நினைக்கிறேன்.

நீ அவரைப் போல் வரவில்லை. என்னைப் போல் வந்தாய். உன்னை ஈப்போவில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிய காலையில் மாட்டு வண்டி வாசலில் நின்றது. அப்பா உன்னைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். நான் உன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தேன். நீ என் பக்கம் கையை நீட்டினாய். நான் அதில் சாப்பாட்டுக் கூடையைக் கொடுத்தேன். நீ அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் கையை நீட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் நான் உன்னைக் குற்றம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ கட்டிய கருவியில் நீ அருகில் போவதே ஒரு பிழை. அப்படி ஒன்றைக் கட்ட உனக்கு வால்வும் கம்பியும் மட்டும் போதாது. என் வீட்டில் வளர்ந்திருக்கவும் வேண்டும்.

பாப்பா எடை போட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்றார். நான் அன்றே கருவியைக் கழற்றச் சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் என்றாய். ஈயத் தாளை மாற்றினாய், இரண்டாவது டின் வாங்கினாய், சத்தம் முன்னைவிடத் தெளிவாக வந்தது. வேலையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாய். அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள் என்று முனியம்மா வந்து சொன்னபோது கையைக் காட்டி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னாய். சிரித்தது உனக்குக் கேட்டிருக்கும், சத்தம் குதித்திருக்கும். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சரவாக் வேலையைப் பற்றிச் சொன்னாய், ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பிறகு.

போகத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.

"இருந்தா நான் இந்த ஹெட்போன்லயேதான் இருப்பேன்மா. எனக்கே தெரியுது."

"பாப்பா?"

"அவ உங்ககிட்டதான் இருக்கா."

"உன்கிட்ட எப்ப இருந்தா?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு உன் கையையே பார்த்தாய். "ரூத்தை வண்டில ஏத்துனது நான்தான். கடைசியா தூக்குனது நான். அதுக்கப்புறம் இந்தக் கை..." என்றாய். எழுந்து போய்க் கை கழுவினாய். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. நான் எழுந்து வந்து உன் தோளைத் தொட்டிருக்கலாம். மேசையைத் துடைத்தேன்.

ஊருக்குப் போகிற மகனுக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்ல வேண்டும் என்று வழக்கம். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்காதே. சம்பளத்தில் எனக்கு எதுவும் அனுப்பாதே. என் சம்பளம் எங்களுக்குப் போதும். தனி நிலையத்தில் இருக்கும் ஆண்கள் குடிக்கப் பழகுவார்கள். நீ குடிக்க மாட்டாய், ஆனால் பேசாமல் இருக்கப் பழகிவிடுவாய், அது உனக்கு அதைவிடக் கெடுதல். காலப்போக்கில் யாராவது ஒரு பெண்ணைப் பார்த்து உனக்கு மனம் வந்தால், பாப்பாவுக்குத் தாய் வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி அவளைக் கட்டாதே. உனக்கு வேண்டும் என்றால் கட்டு. கடவுள் காரணத்தோடுதான் செய்கிறார் என்று போதகர் சொன்னதை நான் நம்பவில்லை. நீயும் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ரூத் போனதற்கு ஒரு காரணமும் கிடையாது. கிருமி இருந்தது, மருந்து இல்லை. இதில் உன் குற்றமோ பாப்பாவின் குற்றமோ இல்லை. அவள் முகத்தில் ரூத் இருக்கிறாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் நன்றாகப் பார்த்தேன். மூக்கு உன்னுடையது. மீதி இன்னும் யாருடையதும் இல்லை.

நான் உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. சொன்னால் நீ நின்றுவிடுவாய், நின்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாய். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாளை புறப்படுவதற்கு முன் ஒரு தடவை அவளைத் தூக்கு. அன்பு பொங்க வேண்டும், கண்ணீர் வர வேண்டும் என்றெல்லாம் இல்லை. சும்மா, ஒரு சாமானை எடுத்துப் பார்ப்பதுபோல எடுத்துப் பார். அவளுக்கு அது நினைவில் இருக்காது. உனக்கு இருக்கும். அவள் கேட்கும் நாளில் எனக்குச் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும். இதை வாயால் கேட்க எனக்கு வரவில்லை. வாசலில் உன் சைக்கிள் மணி கேட்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

மறுநாள் மாலை எழுதுவது:

கடிதத்தை உன் பெட்டிக்குள் வைக்க நினைத்திருந்தேன். நீ பூட்டிவிட்டாய். கையில் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே இது தபாலில்தான் வரும், நான் கேட்டது முடிந்த பிறகு. நடந்ததை நடந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன். உனக்கு வேறு மாதிரி நினைவிருந்தால் எழுது.

காலையில் நீ பாப்பா இருந்த அறைக்குப் போகவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு ஷூ மாட்டிக்கொண்டாய். ஸ்டேஷனுக்கு முனியம்மாவும் வருகிறேன் என்றாள். தன் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். பிளாட்பாரத்தில் கூட்டம். உன் பெட்டி ஏறியது. நீ எனக்குக் கைகொடுத்தாய்; கொஞ்ச நேரம் விடவில்லை. முனியம்மாவிடம், பார்த்துக்கங்க என்றாய். அவள் திடீரென்று, "ஐயோ, சீலை அவுருது. தம்பி, ஒரு நிமிசம் இதப் புடிங்க" என்று பாப்பாவை உன் நெஞ்சில் வைத்துவிட்டாள். நீ பிடிக்காவிட்டால் கீழே விழும். பிடித்தாய். அவள் திரும்பி நின்று சேலையைக் கட்டினாள். அது அவிழ்ந்திருக்கவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவிழ்த்துவிட்டு, கொசுவத்தை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி கலைத்து, மறுபடி எடுத்தாள். பக்கத்தில் நின்ற சுமைக்காரர் ஒருவர், "அக்கா கலியாணத்துக்கா கட்டுறீங்க?" என்று கேட்டார். அவள் அவரைத் திட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

நீ கையை விறைப்பாக வைத்திருந்தாய். பாப்பா உன்னைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் கூரையைப் பார்த்தாள். பிறகு நீ போட்டிருந்த கோட்டை நனைத்துவிட்டாள். ஈரம் கீழே வரை இறங்கியது. நீ அவளைத் தள்ளிப் பிடிப்பாய் என்று நினைத்தேன். உன் முழங்கை மடங்கியது. அவள் தலை உன் தாடைக்குக் கீழே வந்தது. ரயில் கார்டு விசில் ஊதினார். நீ பாப்பாவை முனியம்மாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாய்.

"கனமா இருக்காம்மா," என்றாய்.

நான் அவளை வாங்கிக்கொண்டேன். நீ ஏறினாய். கதவை யாரோ சாத்தினார்கள். எல்லாப் பெட்டிகளிலும் ஆட்கள் சன்னலுக்கு வந்து கையாட்டினார்கள். உன் சன்னலுக்கு நீ வரவில்லை. வண்டி தெற்கே போயிற்று.